கடைப்பாத்திக்கு ஒரு கூடை

என் வீட்டுக்காரர் சிங்காரத்துக்கு அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். உப்பு நன்றாக விளைந்தால் அது அவர் கைவேலை. விளையாமல் போனால் காற்று சரியில்லை, வெயில் சரியில்லை, வாய்க்கால் வெட்டியவன் சரியில்லை. அவரோடு குடித்தனம் நடத்தியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: நல்லதெல்லாம் அவர் செய்தது, கெட்டதெல்லாம் தானாக வந்தது. இதை அவர் முகத்துக்கு நேரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். காது கேட்காத மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

மரக்காணத்தில் எங்களுக்கென்று சொந்த உப்பளம் கிடையாது. ஏழு குடும்பம் சேர்ந்து ஒரு குத்தகை எடுத்து, அதை ஏழாகப் பிரித்து உப்பு விளைவித்து வந்தோம். நிலம் ஒன்றுதான் என்றாலும் ஏழு பங்கும் ஒரே மாதிரி இருக்காது. வாய்க்கால் ஓரத்துத் தலைப்பாத்திக்கு உப்புத்தண்ணீர் முதலில் பாயும். அங்கே உப்பு வெள்ளை வெளேரென்று கல்லு கல்லாக விளையும். தெற்கே பள்ளத்தில் கிடக்கிற கடைப்பாத்தி அதற்கு நேர்மாறு. தண்ணீர் கடைசியில் வந்து சேரும், கோடையில் ஒரு தூறல் போட்டால் ஊரில் விழுந்த மழையெல்லாம் அதில்தான் வந்து தேங்கும், விளைந்ததும் கரைந்துபோகும். அதைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

அதனால் தை மாசம் பொங்கல் கழிந்ததும் யாருக்கு எந்தப் பாத்தி என்று சீட்டு எடுப்போம். சீட்டு என்றால் காகிதம் இல்லை. ஏழு சிப்பிகளின் உள்பக்கத்தில், கடைப்பாத்திக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று கரியால் கோடு போட்டு ஒரு பானைக்குள் போட்டுக் குலுக்குவோம். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எடுக்க வேண்டும். கடைப்பாத்தி யாருக்கு விழுகிறதோ, அவருக்கு அந்த வருஷம் முழுக்க மற்ற ஆறு பேரும் உப்பு வாருகிற நாளிலெல்லாம் ஆளுக்கு ஒரு கூடை உப்பைக் கொண்டுபோய் அவர் குவியலில் கொட்டிவிட்டு வருவார்கள். இதற்குக் கடைக்கூடை என்று பெயர். யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் கும்பிடு போட்டு நன்றி சொல்வதும் இல்லை. இந்த வருஷம் உனக்கு, அடுத்த வருஷம் எனக்கு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகக் கடைப்பாத்தி விழவே இல்லை. பானைக்குள் விரலை வைத்தாலே எந்தச் சிப்பி என்று தனக்குத் தெரிந்துவிடும் என்பார். கரிக்கோடு விரலில் எப்படி அய்யா தெரியும் என்று கேட்டால், உனக்கு அதெல்லாம் புரியாது என்று முடித்துவிடுவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் உப்புக்கு நல்ல விலை. ஏழு வீட்டிலும் கையில் கொஞ்சம் காசு நின்றது. அந்தச் சமயத்தில்தான் என் தம்பி பலராமன் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். அவனுக்கு அங்கே ஒரு பேங்கில் குமாஸ்தா வேலை. தலைவலித் தைலமும் இருமல் மருந்தும் செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி தன் பங்குகளை நம் நாட்டு ஜனங்களுக்கு விற்கப்போகிறது, சர்க்கார் கட்டாயப்படுத்தியதால் விலையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், வாங்கிப் போட்டால் பின்னால் ஏறும் என்று சொன்னான். ஆளுக்கு ஒரு ஃபாரம் எழுதிப் பாதிப் பணம் கட்ட வேண்டும். கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எல்லோருக்கும் கிடைக்காது, குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். கிடைத்தால் ஐம்பது பங்கு, கிடைக்காவிட்டால் கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடும்.

என் வீட்டுக்காரர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவலி இல்லாத மனுஷன் உலகத்தில் உண்டா, இந்தக் கம்பெனி நிச்சயம் ஏறும் என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. குலுக்கல் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. ஒரு வீடு போட்டால் ஒரு சிப்பி, ஏழு வீடும் போட்டால் ஏழு சிப்பி. தம்பியைக் கூட்டிக்கொண்டு நானே ஆறு வீட்டுக்கும் போனேன்.

பெண்கள்தான் தயங்கினார்கள். கண்ணால் பார்க்காத கம்பெனிக்குக் காசு கொடுப்பதா என்று கேட்டார்கள். தனக்கோடி ஒரேயடியாக முடியாது என்றாள். அவள் புருஷன் ஆரோவில்லில் கட்டட வேலைக்குப் போய்விடுவான், பாத்தி வேலை முழுக்க அவள் தலையில்தான். அந்த வருஷம் கடைப்பாத்தியும் அவளுக்கு விழுந்திருந்தது. கையில் நின்ற காசுக்கு ஒரு ஆடு வாங்கலாம் என்று இருந்தாள்.

நான் அவளிடம் சொன்ன வார்த்தையைத்தான் எல்லா வாசலிலும் சொன்னேன். "யாருக்கு விழுந்தாலும் ஏழு பேருக்குந்தான் தனக்கோடி. கடைக்கூடை மாதிரி வச்சிக்கயேன். விழுந்தவங்க அவங்க வாங்கின வெலைக்கே பிரிச்சிக் குடுத்துடணும். நான் சொல்றேன் இல்ல?"

நான் சொல்கிறேன் என்றதும் சரி என்றாள். மற்றவர்களும் அப்படித்தான். ஒருத்தரும் கம்பெனியை நம்பிப் பணம் கட்டவில்லை, என்னை நம்பிக் கட்டினார்கள். இதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் அளத்தில் குலுக்கிப் போட்டு வருகிற எதுவும் தனி ஆளுக்கு வந்ததில்லை. கம்பெனிக்காரன் பம்பாயில் குலுக்கினாலும் அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

ஏழு ஃபாரத்தையும் என் வீட்டுக்காரர்தான் நிரப்பினார். எட்டாவது வரை படித்தவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அதில் அவருக்கு ஏக கர்வம். மற்ற ஆறிலும் அவரவர் கைநாட்டு வைத்தார்கள். தன்னுடையதில் மட்டும் சிங்காரம் என்று ஒரு இழுப்பு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் எல்லோர் முன்னாலும் நான் அதே வார்த்தையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மழைக்காலம் தொடங்கும் முன்னே தபால்காரர் வந்தார். ஆறு வீட்டுக்குப் பணம் திரும்பியது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஐம்பது பங்கு கிடைத்திருப்பதாகக் கடிதம். மீதிப் பணத்தை அன்றே தம்பியிடம் கொடுத்தனுப்பினோம்.

செய்தி பரவியதும் ஆறு வீட்டுக்காரர்களும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்தால் அவரவர் வீட்டுக்கே லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷம். எங்களில் மூத்தவரான பஞ்சநாதன் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். நமக்கு விழுந்துவிட்டதாமே என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் பழத்தை வாங்கி ஓரமாக வைத்தார். "நமக்கு இல்ல, எனக்கு," என்றார்.

பஞ்சநாதன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை இவர் காத்திருந்தார். பிறகு நிதானமாக விளக்க ஆரம்பித்தார். கம்பெனிக்காரர்கள் என்ன முட்டாள்களா, லட்சம் ஃபாரம் வந்தால் பார்த்துத்தானே எடுப்பார்கள், கைநாட்டு வைத்தவனுக்குக் கொடுத்தால் நாளைக்குக் கடிதம் போட்டால் படிக்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியாதா, கையெழுத்துப் போட்டது ஏழு பேரில் யார், கிடைத்தது யாருக்கு, நீங்களே யோசித்துப் பாருங்கள் என்றார்.

"இது குலுக்கல்ல வந்தது இல்ல பஞ்சநாதா. பாத்து எடுத்துக் குடுத்திருக்கான். கடைக்கூடைக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வந்தவர்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஒருத்தரும் சண்டை போடவில்லை. பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தனக்கோடி மட்டும் போகிறபோது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து நான் குழாயடிக்குப் போவதை விட்டேன். எல்லோரும் போன பிறகு வெயில் ஏறித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். ஊரில் என் பேச்சை நம்பிக் கடன் கொடுத்திருக்கிறார்கள், பெண் கொடுத்திருக்கிறார்கள். என் வார்த்தை போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? காதில் போட்ட கம்மல்கூடப் பித்தளை.

வீட்டுக்குள் சண்டையைத் தொடங்கினேன். ஏழு ஃபாரத்தையும் எழுதியது நீங்கள்தானே, எழுத்து நன்றாக இருந்தால் ஏழுக்கும் அல்லவா கிடைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். எழுத்து வேறு, கையெழுத்து வேறு என்றார். தம்பியை வரவழைத்தேன். எல்லா ஃபாரத்துக்கும் நம்பர் போட்டு, அந்த நம்பரைத்தான் குலுக்குவார்கள், உங்கள் கையெழுத்தை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள் மாமா என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். பேங்கில் சின்ன வேலை பார்க்கிறவனுக்குப் பெரிய விஷயம் எப்படித் தெரியும் என்று இவர் அவனை அனுதாபத்தோடு பார்த்தார்.

பங்கைப் பிரித்து மற்றவர்கள் பேருக்கு மாற்றுவதற்கு வேறு ஃபாரம் உண்டாம். அதில் ஆறு கேட்டு வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். நான் ரசத்துக்கு உப்புப் போடுவதை நிறுத்தினேன். உப்பளத்துக்காரர் வீட்டில் உப்பில்லாத ரசம். அவர் ஜாடியிலிருந்து தானே எடுத்துப் போட்டுக் கலக்கிக் குடித்தார். என் கோபம்தான் கூடியது.

இதற்கு நடுவில் அந்தப் பாழாய்ப்போன பங்கு ஏற ஆரம்பித்தது. கொடுத்த விலைக்கு ஒன்றரை மடங்கு ஆயிற்று, இரண்டு மடங்கைத் தாண்டியது. நான் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும் ஆறு வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு செங்கல்லாக ஏறியது.

அவருக்கோ தரையில் கால் பாவவில்லை. பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் பேப்பரை விரித்து மார்க்கெட் பக்கத்தை உரக்கப் படித்தார். கீழ்புத்துப்பட்டிலிருந்தும் பெருமுக்கல்லிலிருந்தும் ஆட்கள் வந்து எந்தக் கம்பெனியை வாங்கலாம் என்று அவரைக் கேட்டார்கள். இவரும் கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். ரேடியோ கேட்காத வீடு உண்டா, அதனால் ரேடியோ கம்பெனி. சைக்கிள் ஓட்டாத ஆள் உண்டா, அதனால் சைக்கிள் கம்பெனி. கடலில் ஒரு வலை போட்டு மீன் கிடைத்ததும் கடலே தன் சொல் கேட்கிறது என்று சொல்கிறவனை எங்கள் குப்பத்துப் பக்கம் யாரும் படகில் ஏற்றமாட்டார்கள். டீக்கடையில் மட்டும் அப்படிப்பட்டவனுக்கு டீ இலவசம்.

ஐப்பசியில் இன்னொரு கம்பெனி பங்கு விற்க வந்தது. இந்த முறை யாரிடமும் சொல்லாமல் மூன்று ஃபாரம் எழுதினார். ஒன்று அவர் பேருக்கு, ஒன்று என் பேருக்கு, ஒன்று அவர் தங்கை பேருக்கு. என்னையும் உட்காரவைத்துக் கையெழுத்துப் போடப் பழக்கினார். அழகாகப் போட வேண்டும், எழுத்து கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லி என் விரலை ஒடித்தார். மூன்றும் திரும்பி வந்தன. மழை ஈரத்தில் மை கசிந்திருக்கும் என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் பழைய உறுதி இல்லை. அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போவதும் குறைந்தது.

தை பிறந்தது. பொங்கல் கழிந்து சீட்டு எடுக்கிற நாள் வந்தது. போகாமல் இருக்க முடியாது. வாய்க்கால் தூர் வாருவதும் மதகு திறப்பதும் ஏழு வீடும் சேர்ந்து செய்கிற வேலை. தனியாக ஒருத்தர் உப்பு விளைவிக்க முடியாது. அளத்துக் கரையில் எல்லோரும் கூடினோம். எங்களிடம் யாரும் முறைத்துக்கொள்ளவில்லை. பேச வேண்டியதைப் பேசினார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பஞ்சநாதன் பானையைக் குலுக்கி நீட்டினார். என் வீட்டுக்காரர் கையை விட்டார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். மற்றவர்கள் எடுத்ததை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே எடுத்த சிப்பியைத் திருப்பினால் ஒற்றைக் கோடு. அது கடைப்பாத்தி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஆறு மாசமாக இந்த மனுஷனுக்கு ஒரு அடி விழ வேண்டும் என்று மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தவள். விழுந்தபோது பயம்தான் வந்தது. நாங்கள் ஒன்றும் கொடுக்காதபோது அவர்கள் எதற்காகக் கடைக்கூடை கொடுக்க வேண்டும்? கொடுக்காவிட்டால் நியாயம் அவர்கள் பக்கம். அந்த வருஷத்தை எப்படி ஓட்டுவது என்று நானே மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவரும் அதையேதான் யோசித்திருப்பார். வீட்டுக்கு வந்து, கடைப்பாத்திக் கரையை இரண்டு சாண் உயர்த்திவிட்டால் மழைத்தண்ணீர் வராது, யார் தயவும் வேண்டியதில்லை என்று என்னிடம் சொன்னார்.

சொன்னபடி கரையை உயர்த்தினார். நானும் கூட நின்று மண் சுமந்தேன். மாசி மாசம் வெயில் ஏறி முதல் உப்பு கட்டிய நேரத்தில், எங்கிருந்தோ ஒரு மழை வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போனது. கரைக்கு மேலே வந்த தண்ணீர் இல்லை, கரைக்கு அடியில் ஊறி உள்ளே வந்துவிட்டது. மற்ற ஆறு பாத்தியிலும் பாதி உப்பு தப்பியது. எங்களுடையதில் சேறுதான் மிச்சம்.

மழை விட்டு வெயில் அடித்ததும் எல்லோரும் உப்பு வார இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம். பலகையால் இழுத்து இழுத்துப் பார்த்ததில் பழுப்பு நிறத்தில் நாலு கூடை தேறியது. அதைக் கரையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், தனக்கோடி தலையில் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பஞ்சநாதன். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ஆளுக்கு ஒரு கூடை.

தனக்கோடி எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் வந்து கூடையை இறக்கப் போனாள். இவர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம் தனக்கோடி. எடுத்துட்டுப் போ. நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன்னு இத வாங்கறது?"

அவள் கூடையை இறக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. சுமையோடு அப்படியே நின்றாள். "அது வேற பேச்சுண்ணா. கடைப்பாத்தி உனக்கு விழுந்தது உன் குத்தமா? இல்லல்ல? அப்புறம் இன்னாத்துக்கு நீ மட்டும் செமக்கணும்?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவளுக்கு அது தெரியும். கழுத்து வலிக்கிறது, சீக்கிரம் வழியை விடு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. என் தம்பியும் நானும் ஆறு மாசம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது, அந்த ஒரு கேள்வியில் அவருக்கு ஏறியது. கெட்டது விழுந்தது தன் குற்றம் இல்லை என்றால் நல்லது விழுந்ததும் தன் கெட்டிக்காரத்தனம் இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் மூளை இல்லாதவர் அல்ல. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

தனக்கோடி கூடையைக் கொட்டினாள். ஒருத்தர் பின் ஒருத்தராக மற்றவர்களும் கொட்டினார்கள். எங்கள் பழுப்பு உப்பின் மேல் அவர்களுடைய வெள்ளை உப்பு சரிந்து இறங்கியது. பஞ்சநாதன் குவியலைப் பனை ஓலையால் மூடிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் சொன்னார். "பானைக்குள்ள வெரல வச்சேன். ஒண்ணுமே தெரியல விருத்தாம்பா."

"முன்னாடி தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல. எப்பவும் தெரிஞ்சது இல்ல."

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது இல்லை. தெருவில் போகிறோம் என்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டேன். அந்த ஃபாரமெல்லாம் எங்கே என்று கேட்டார். அரிசிப் பானைக்குப் பின்னால் என்றேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து ஆறிலும் கையெழுத்துப் போட்டார். இந்த முறை மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். ஆறு வீட்டுக்கும் போய் அழைத்தது என் வீட்டுக்காரர்தான். நான் போகிறேன் என்றதற்கு, நீ ஒரு தடவை போனது போதும், இது நான் போக வேண்டியது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் வந்தார்கள்.

பஞ்சநாதன் இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தார். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். "இப்போ வெல ரெண்டு மடங்குக்கு மேல போய்க்கினு இருக்குது. எந்த வெலைக்குக் குடுக்கப்போற, அதச் சொல்லு மொதல்ல."

"எனக்கு இன்னா வெலைக்கு வந்துச்சோ அந்த வெலைக்குத்தான்," என்றார் இவர். "ஏறினது நானா ஏத்தினேன்?"

தனக்கோடிதான் முதலில் பேசினாள். திரும்பி வந்த பணத்துக்கு ஆடு வாங்கிவிட்டதாகவும், அது சினையாக இருப்பதாகவும், குட்டி போட்டு விற்ற பிறகுதான் தன்னால் பணம் கொடுக்க முடியும் என்றும் சொன்னாள். ஆட்டுக்கு அவசரம் இல்லை என்றால் எனக்கும் அவசரம் இல்லை என்று இவர் சொன்னார். அப்போதுதான் எங்கள் வீட்டில் பழைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

தம்பி பென்சிலை எடுத்து வகுத்தான். ஆளுக்கு ஏழு பங்கு போக ஒன்று மிஞ்சியது. ஒற்றைப் பங்கை என்ன செய்வது என்று அவன் தலையைச் சொறிந்தான். விற்றுவிட்டு அந்தக் காசில் அம்மன் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் மறுபடியும் சிப்பி போட்டுப் பார்ப்போமா என்றார். என் வீட்டுக்காரர் அவசரமாகக் கையை அசைத்தார், அது எனக்கு வேண்டாம், உங்களில் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பஞ்சநாதன் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். "இந்த வருசம் கடைப்பாத்தி யாருக்கு? சிங்காரத்துக்கு. மிஞ்சினது அவனுக்குத்தான். எழுதிக்கோ."

மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதில் பேசுவதற்கு ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறந்தார், திறந்தபடியே இருந்தார். இத்தனை நாளாக எதைப் பார்த்தாலும் இது என்னால் வந்தது என்று சொன்ன மனுஷனுக்கு அந்த ஒரு பங்கைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கடைசியில், சரி என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்கும் முன்னே எழுந்து, எல்லோருக்கும் டீ போட உள்ளே போனேன். தனக்கோடி தம்ளர்களைக் கழுவித் தருகிறேன் என்று என் பின்னாலேயே வந்தாள்.